உபகாரச் சம்பளமும் தலையெழுத்தும்

பிளஸ் டூ பரீட்சை முடிவு வெளியாகிற மே மாதத்தில், ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையில் உள்ள கிராமங்களில் இரண்டு விதமான வண்டிகள் வந்து நிற்கின்றன. ஒன்று, கம்பெனிகளுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் கான்டிராக்டரின் வண்டி. மற்றொன்று, கல்லூரிகளுக்குப் பிள்ளை சேர்த்துக் கொடுக்கும் புரோக்கரின் வண்டி. முன்னது, “பதினெட்டு வயதாயிற்றா? நாளைக்கே லைனில் நிற்கலாம்” என்கின்றது. பின்னது, “கையில் முன்பணம் இருக்கின்றதா? இன்றைக்கே சீட்டுப் போடலாம்” என்கின்றது. இவ்விரண்டுக்கும் நடுவில், “உன் படிப்புக்கென்று சர்க்கார் கஜானாவில் இன்ன இன்ன பணம் இருக்கின்றது, இன்ன இன்ன காகிதத்தைக் கொடுத்து வாங்கிக்கொள்” என்று சொல்லுகிற வண்டி ஒன்றுகூட வருவதாகக் காணோம்.

2025-ஆம் வருஷம் மே மாதத்தில் சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கூட்டம் பேசிவிட்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் இருந்தவர் கான்டிராக்ட் தொழிலாளி. அவருடைய மகள் சர்க்கார் பள்ளிக்கூடத்தில் படித்து நல்ல மார்க்கில் தேறியிருந்தாள். என்ன படிக்க வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டோம்.

“எங்கண்ணே படிக்க வைக்கிறது? நம்ம தலையெழுத்து அவ்வளவுதான். ஜோசியரும் பொண்ணுக்கு மேல்படிப்பு யோகம் இல்லைன்னுட்டாரு.”

“ஜோசியருக்கு எவ்வளவு கொடுத்தீங்க?”

“ஐந்நூறு.”

“தாசில்தார் ஆபீசுல விசாரிச்சீங்களா?”

“அங்க எதுக்குண்ணே?”

இந்த ஒரு கேள்விதான் நம்மை இதை எழுதச் செய்தது. பெண்ணின் படிப்பைப் பற்றி விசாரிக்க ஜோசியரிடம் போகவேண்டும் என்பது அவருக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருக்கின்றது. தாசில்தார் ஆபீசுக்குப் போகவேண்டும் என்பதோ தெரியவில்லை. அவரை நாம் குற்றம் சொல்ல வரவில்லை. ஆயிரம் வருஷமாக அவருக்கு ஒரு வழியைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மற்ற வழியை ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் போகிற வழியில் போனால் செட்டிப்புண்ணியம் என்று ஓர் ஊர் உண்டு. அங்கே ஹயக்ரீவர் கோயில் இருக்கின்றது. பரீட்சைக் காலம் வந்துவிட்டால் பிள்ளைகளும் பெற்றோர்களும் பேனாவையும் ஹால் டிக்கெட்டையும் எடுத்துக்கொண்டு அங்கே வரிசையில் நிற்கின்றார்கள். குதிரை முகத்துச் சாமி படிப்பைக் கொடுப்பார் என்பது நம்பிக்கை. படிக்காத பிள்ளைக்கு அவர் மார்க்கு வாங்கிக் கொடுத்தாரா, படித்த பிள்ளைக்கு மார்க்கைக் குறைத்தாரா என்று யாரும் கணக்குப் பார்த்ததில்லை. அது போகட்டும். நாம் கேட்பது வேறு. அந்த ஹால் டிக்கெட்டோடு பிள்ளையின் ஆதாரையும், குடும்ப அட்டையையும், ஜாதிச் சான்றிதழையும் சேர்த்து ஜெராக்ஸ் எடுத்து, அதே ஒரு நாள் லீவில் இ-சேவை மையத்தின் வரிசையிலும் நின்றால் என்ன? வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் கட்டணம் அறுபது ரூபாய். ஜோசியர் வாங்கியது ஐந்நூறு. அறுபது ரூபாய்க் காகிதம் வருஷத்துக்குப் பல ஆயிரம் ரூபாய் கொண்டுவந்து கொடுக்கும். ஐந்நூறு ரூபாய்க் காகிதம் கொண்டுவந்தது என்ன? பெண்ணைக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றச் சொல்லும் யோசனை ஒன்றுதான்.

இனி, உபகாரச் சம்பளம் என்பதே ஒரு பிச்சை என்றும், மானமுள்ளவன் அதைக் கேட்கக் கூடாது என்றும் சிலர் பேசுகின்றார்கள். ஏழைகளே சிலர் இப்படிப் பேசுவதுதான் நமக்கு வருத்தமாக இருக்கின்றது. “உபகாரம்” என்ற வார்த்தை செய்த கெடுதி இது. இந்தப் பணம் எப்படி வந்தது என்று தெரிந்தால் இப்படிப் பேசமாட்டார்கள்.

தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்குப் பத்தாவதுக்கு மேல் படிக்க மத்திய சர்க்கார் கொடுக்கும் உபகாரச் சம்பளம், தோழர் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாக சபையில் அங்கத்தினராயிருந்த காலத்தில், 1944-இல் ஆரம்பமானது. அவர் யாருக்காகவோ தர்மம் கேட்டு வாங்கினாரல்லர். இந்த நாட்டின் வரிப்பணத்தில் தம் மக்களுக்கு உள்ள பங்கைக் கேட்டு வாங்கினார். அவரே அதன் அருமையை அநுபவித்தவர். 1913-இல் பரோடா மகாராஜா மூன்று வருஷத்துக்கு, மாதம் பதினொன்றரை பவுன் வீதம் கொடுத்த பணத்தில்தான் அவர் நியூயார்க்கிலுள்ள கொலம்பியா சர்வகலாசாலைக்குப் போனார். அந்தப் பணம் இல்லாதிருந்தால் அவருடைய மூளை எங்கே போயிருக்கும்? மூளை இருந்த இடத்திலேதான் இருந்திருக்கும்; உலகத்துக்குத் தெரிந்திருக்காது. அப்படித் தெரியாமல் போன மூளைகள் நம் சேரிகளிலும் குப்பங்களிலும் எத்தனை என்று எண்ணிச் சொல்ல யாரால் முடியும்?

அதே 1944-இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் செய்தார்கள். யுத்தத்திலிருந்து திரும்பி வருகிற சிப்பாய்களின் காலேஜ் படிப்புச் செலவை சர்க்காரே ஏற்றுக்கொள்ளுவது என்பது அதில் ஒரு பாகம். லட்சக்கணக்கான பேர் அதில் படித்தார்கள். அவர்கள் பிச்சை வாங்கினார்கள் என்று அந்த நாட்டில் யாரும் சொல்லவில்லை. பாடுபட்டவனுக்கு நாடு பட்ட கடன் என்றார்கள். நம் நாட்டில் வயலில் பாடுபட்டவனுக்கும், இன்று கார் கம்பெனியில் நட்டு முடுக்குகிறவனுக்கும் நாடு கடன்படவில்லையா என்று கேட்கின்றோம்.

நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. பச்சையப்ப முதலியார் 1794-இல் இறந்தபோது தம்முடைய பெருஞ்சொத்தைக் கோயில் பூஜைக்கும் தான தர்மத்துக்கும் எழுதி வைத்தார். படிப்பைப் பற்றிய நினைப்பில் எழுதியதல்ல. பின்னால் அது வழக்காகிக் கோர்ட்டுக்குப் போய், மிஞ்சிய பணத்தைக் கல்விக்குச் செலவு செய்யலாம் என்று ஏற்பாடாகி, 1842-இல் சென்னையில் பள்ளிக்கூடம் ஏற்பட்டு, பின் காலேஜாயிற்று. பூஜைக்குப் போன பணம் புகையாய்ப் போயிற்று. மிஞ்சிய பணம் இன்றுவரை பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருக்கின்றது. அந்தக் கல்லூரியும் 1947 வரையில் இந்துக்களை மட்டுமே சேர்த்துக்கொண்டது என்பதையும் சொல்லிவிடுகிறோம். நல்லது செய்த இடத்திலும் கதவுக்குப் பூட்டு இருந்தது.

இவற்றையெல்லாம்விட நமக்கு அதிக சந்தோஷத்தைக் கொடுத்தது மற்றொரு மாறுதல். தாசி முறையை ஒழிக்கப் பாடுபட்ட மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பேரில் 1989-இல் ஏழைப் பெண்களின் கல்யாணத்துக்கு உதவி செய்யும் திட்டம் ஏற்பட்டது. பிறகு 2011-இல் பணத்தோடு தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. ஏழைக் குடும்பத்துக்கு அது உதவிதான், மறுக்கவில்லை. ஆனால், எந்த அம்மையார் பெண்ணின் விடுதலைக்காகக் காலமெல்லாம் ஊர் ஊராய்ப் போய்ப் பேசினாரோ, அவர் பேரால் பெண்ணின் கழுத்தில் கட்டத் தங்கம் கொடுப்பது பொருத்தமா என்ற கேள்வி இருந்துகொண்டே இருந்தது. 2022 செப்டம்பர் 5-ந் தேதி அது “புதுமைப் பெண்” என்று மாற்றப்பட்டு, சர்க்கார் பள்ளியில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை படித்துக் கல்லூரியிலோ, பாலிடெக்னிக்கிலோ, ஐ.டி.ஐ.யிலோ சேரும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று ஆயிற்று. தாலிக்குப் போன பணம் புத்தகத்துக்கு வந்தது. பெண்ணின் பேரில் உள்ள பாங்குக் கணக்குக்கு வருகின்றது. மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துக் கொடுப்பதில்லை. 2024 ஆகஸ்டில் ஆண் பிள்ளைகளுக்கும் “தமிழ்ப் புதல்வன்” என்ற பேரில் இதே ஆயிரம் ஏற்பட்டது. ஆயிரம் ரூபாயில் இன்றைக்கு ஹாஸ்டல் சாப்பாடுகூட ஆகாது என்பது மெய்யே. ஆனால், “உன்னால் வீட்டுக்குச் செலவு” என்று பெண்ணைப் பார்த்துச் சொல்லும் வாயை அது கொஞ்சம் அடைக்கின்றது.

நிற்க. ஸ்ரீபெரும்புதூர் ராமாநுஜர் பிறந்த ஊர். ரகசியமாய்ச் சொல்லப்பட்ட மந்திரத்தை அவர் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தின்மேல் ஏறி ஊரறியச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. அந்த மந்திரத்தால் எத்தனை பேருக்கு மோட்சம் கிடைத்தது என்பதை நாம் அறியோம். ஆனால், தெரிந்ததை ஒளிக்காமல் சொல்லவேண்டும் என்ற குணம் கதையில் வந்தாலும் மெச்சத் தகுந்ததே. அவருடைய ஊரில் இன்று ரகசியமாயிருப்பது மந்திரமல்ல, சர்க்கார் உத்தரவு. அதை உரக்கச் சொல்லுகிறோம், கேளுங்கள்.

முதலாவது, எவ்வளவு ஆசை காட்டினாலும் புரோக்கர் கையில் முன்பணம் கொடுக்காதீர்கள். ஏனெனில், தொழிற் படிப்புகளில் பெரிய உதவிகள் எல்லாம் சர்க்கார் நடத்துகிற கலந்தாய்வு மூலமாய்ச் சேருகிறவர்களுக்கே உண்டு. குடும்பத்தில் முதல் தடவையாகப் பட்டப்படிப்புக்குப் போகிறவருக்கு 2010 முதல் கட்டணச் சலுகை உண்டு. அதற்கு ஜாதியும் கேட்பதில்லை, வருமானமும் கேட்பதில்லை; கலந்தாய்வில் சேர்ந்தாயா என்றுதான் கேட்கின்றார்கள். தாழ்த்தப்பட்ட மாணவருக்குத் தனியார் கல்லூரியிலும் கட்டாயக் கட்டணத்தை சர்க்கார் ஏற்பது என்று 2012-இல் தமிழ்நாட்டில் உத்தரவு பிறந்தது. ஆனால், மேனேஜ்மெண்டு கோட்டாவில் சேர்ந்தவருக்கு உபகாரச் சம்பளம் இல்லை என்று 2018-இல் மத்திய சர்க்கார் விதியைத் திருத்திவிட்டது. ஆகவே, மே மாதத்தில் முன்பணத்தை வாங்கிக்கொண்டு “சீட்டு நிச்சயம்” என்கிற புரோக்கர், சீட்டைக் கொடுத்து, நான்கு வருஷத்து உதவியைப் பறித்துக்கொண்டு போகிறார். அதே பிள்ளை அதே கல்லூரியில் இரண்டு மாதம் பொறுத்துக் கலந்தாய்வின் மூலமாய்ச் சேர்ந்திருக்கக்கூடும். இந்த வித்தியாசம் தெரியாமல் மாட்டை விற்றவர்களையும், நகையை அடகு வைத்தவர்களையும் நாம் நேரில் கண்டிருக்கின்றோம்.

இரண்டாவது, பிள்ளையை சர்க்கார் பள்ளியிலிருந்து மாற்றுமுன் பத்துத் தடவை யோசியுங்கள். மருத்துவத்துக்கு 2020-இலும், இஞ்சினீயரிங், விவசாயம், கால்நடை, சட்டம் முதலியவற்றுக்கு 2021-இலும் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவிகிதம் இடம் ஒதுக்கிச் சட்டம் செய்தார்கள். அப்படிச் சேருகிற பிள்ளையின் படிப்புக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாம் சர்க்காரே கட்டுவது என்றும் 2021-இல் முடிவாயிற்று. இதற்கு ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை சர்க்கார் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நம் பக்கத்தில் கம்பெனி வேலை வந்து கையில் நாலு காசு புழங்கத் தொடங்கியதும், ஐந்தாவது முடிந்த பிள்ளைக்கு டையைக் கட்டி இங்கிலீஷ் பள்ளி வேனில் ஏற்றுவது கௌரவமாகிவிட்டது. ஏழு வருஷம் வட்டிக்கு வாங்கிக் கட்டுகிற பணம், கடைசியில் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய இலவசக் கல்லூரிப் படிப்பையும் மாதம் ஆயிரத்தையும் சேர்த்து இழக்கச் செய்கின்றது. இலவசக் கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பதாவது முதல் சர்க்கார் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. டையில் இருக்கிற கௌரவத்துக்கு இவ்வளவு விலையா என்று ஒவ்வொரு தாயும் தகப்பனும் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். சர்க்கார் பள்ளியில் வாத்தியார் போதாது, கக்கூஸ் சரியில்லை என்றால் எல்லோருமாய்ச் சேர்ந்து போய்க் கேட்கவேண்டுமே தவிர, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது பரிகாரமாகாது.

மற்றவை சுருக்கமாக. எட்டாவதில் என்.எம்.எம்.எஸ். என்ற பரீட்சையில் தேறினால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை வருஷம் 12,000 ரூபாய். சர்க்கார் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் படிப்பவர்களுக்கு, குடும்ப வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்கவேண்டும். பிளஸ் டூவில் மேல்மட்ட மார்க்கு வாங்கியவர்களுக்கு மத்திய சர்க்காரின் உபகாரச் சம்பளம் ஒன்று பட்டப்படிப்பில் வருஷம் 12,000 ரூபாய். வருமான வரம்பு நாலரை லட்சம். டிப்ளமோவோ இஞ்சினீயரிங்கோ படிக்கிற பெண்ணுக்கு “பிரகதி” என்ற பேரில் வருஷம் 50,000 ரூபாய். ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரையில், வருமானம் எட்டு லட்சம் வரையில். எல்லோருக்கும் கிடைப்பதல்ல, போட்டி உண்டு; ஆனால், மனுப் போடாதவருக்கு நிச்சயமாய்க் கிடையாது. கட்டிட வேலை செய்கிறவர்கள் 1994-இல் ஏற்பட்ட நலவாரியத்தில் பதிந்திருந்தால் பிள்ளையின் படிப்புக்கு அங்கே உதவி உண்டு. கம்பெனித் தொழிலாளி தம் சம்பளச் சீட்டைப் பார்க்கவேண்டும். 1972-ஆம் வருஷத்துத் தொழிலாளர் நல நிதிச் சட்டப்படி வருஷத்துக்கு ஒரு முறை சிறு தொகை பிடித்திருப்பார்கள். முதலாளியும் தம் பங்கைச் செலுத்தவேண்டும். அந்த நிதியிலிருந்து தொழிலாளியின் பிள்ளைக்கு உபகாரச் சம்பளம் கொடுக்கின்றார்கள். பிடித்தது தெரியும், கொடுப்பது தெரியாது என்றால் யார் குற்றம்? பாங்கில் நாலு லட்சம் வரையில் ஜாமீனில்லாமல் படிப்புக் கடன் கேட்கலாம். வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருப்பவர்களுக்குப் படிக்கிற காலத்து வட்டியில் மானியம் கேட்கவும் வழி உண்டு. வாரத் தவணை வசூலிக்க வாசலில் வந்து உட்காருகிற கடனைவிட அது எவ்வளவோ மேல்.

சர்க்காரிடத்தில் குறையில்லை என்று நாம் சொன்னதாக யாரும் எண்ணிக்கொள்ள வேண்டாம். பெரிய குறை ஒன்று இருக்கின்றது. தாழ்த்தப்பட்ட மாணவரின் உபகாரச் சம்பளத்துக்குக் குடும்ப வருமானம் வருஷம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கவேண்டும் என்பது விதி. 2013-இல் வைத்த வரம்பு இது. மாதக் கணக்கில் இருபதாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம். தகப்பன் கான்டிராக்டில் 14,000-மும், தாய் கம்பெனி கேன்டீனில் 9,000-மும் வாங்கினால் வரம்பைத் தாண்டிவிட்டது, பணக்காரர் ஆகிவிட்டார்கள்! வாடகை ஏறிற்று, அரிசி ஏறிற்று, கல்லூரிக் கட்டணம் ஏறிற்று. இந்த வரம்பு ஒன்றுதான் ஏறாமல் உட்கார்ந்திருக்கின்றது. இருவரும் வேலைக்குப் போனால்தான் அடுப்பெரியும் என்றிருக்கிற இந்தப் பக்கத்தில், தாய் வேலைக்குப் போன குற்றத்துக்காகப் பிள்ளையின் படிப்பைத் தண்டிக்கிறதாக இது முடிகின்றது. பணமும் காலத்தில் வருவதில்லை. ஜூனில் கட்டவேண்டிய கட்டணத்துக்குரிய தொகை எப்போதோ வந்து சேரும். அதற்குள், “முதலில் நீ கட்டு, வந்தால் எடுத்துக்கொள்” என்று கல்லூரிக்காரர் சொல்லுகின்றார். ஏழைக்குக் கொடுக்கிற பணத்தை ஏழை முதலில் கடன் வாங்கிக் கட்டவேண்டும் என்பது என்ன நியாயம்?

கம்பெனிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேலை கொடுக்கிறார்கள், வேண்டாமென்று சொல்ல நாம் மடையர்களல்ல. ஆனால், எப்படிப்பட்ட வேலை, எவ்வளவு காலத்துக்கு என்று பார்க்க வேண்டாமா? 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கம்பெனி வந்தது. பிளஸ் டூ முடித்த பெண்களும் பிள்ளைகளும் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். 2014 நவம்பர் 1-ந் தேதி உற்பத்தி நின்றது. லைனில் எட்டு வருஷம் நின்றதற்கு எந்தச் சர்வகலாசாலையும் பட்டம் கொடுக்கவில்லை. இருபத்தாறு இருபத்தேழு வயதில் மறுபடியும் “பிளஸ் டூ” என்று எழுதி மனுப் போடவேண்டியதாயிற்று. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்கள் 18,720 பேர் தங்க 706 கோடி ரூபாய்க்குமேல் செலவு செய்து விடுதி திறந்தார்கள். நல்ல காரியம். வேலைக்கு வருகிற பெண்ணுக்கு இத்தனை கட்டில் போட முடிகிற நாட்டில், படிக்க வருகிற பெண்ணுக்கு எத்தனை கட்டில் போட்டிருக்கிறோம் என்பதையும் எண்ண வேண்டும். 1916-இல் தோழர் நடேசனார், வெளியூரிலிருந்து சென்னைக்குப் படிக்க வந்த பார்ப்பனரல்லாத பிள்ளைகள் தங்க இடமின்றித் திண்டாடுவதைக் கண்டு திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் வைத்தார். அவர் வைத்தியர், கோடீசுவரரல்லர். இன்று பெரிய கம்பெனிகள் லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைப் பொதுநலத்துக்குச் செலவிட வேண்டும் என்று 2013-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்லுகின்றது. அதில் பள்ளிக்கூடச் சுவருக்கு வர்ணம் அடித்து, கம்பெனிப் பேரைப் பெரிதாய் எழுதி, போட்டோ பிடித்துக்கொள்ளுகிறார்கள். தங்கள் வாசலில் கான்டிராக்டில் நிற்கிறவனின் பிள்ளைக்கு முதல் வருஷக் கட்டணத்தை, சர்க்கார் பணம் வந்து சேருகிற வரையிலாவது கட்டினால் அந்த இரண்டு பங்கு குறைந்தா போகும்?

இவ்வளவு கோபம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். இதை எழுதுகிறவன் பிளஸ் டூ தேறியது 1998-இல். இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கிய வருஷமும் அதுதான். வீட்டில் படிக்க வைக்கப் பணமில்லை. தகப்பனார் குலதெய்வத்துக்கு ஒரு கிடா வெட்டினார். பிறகு மகனை ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவ அனுப்பினார். அந்தக் கம்பெனியின் பேர் இங்கே தேவையில்லை. மூன்று வருஷம் கழித்து, வடை மடித்துக் கொடுத்த பழைய பேப்பர்த் துண்டில்தான், நம்மைப் போன்றவர்கள் காலேஜில் படிக்க சர்க்கார் பணம் கொடுக்கிறது என்பதைப் படித்தோம். கிடாவின் விலையில் பத்தில் ஒரு பங்கு செலவு செய்து இரண்டு சான்றிதழ் வாங்கியிருந்தால் போதுமாயிருந்தது. பிறகு நூல்நிலையத்தில் உட்கார்ந்து நாமாய்ப் படித்துக்கொண்டதுதான் நம்முடைய படிப்பெல்லாம். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளுவதில்லை. தானே படித்தவன் என்று மேடையில் புகழுகிறவர்களிடத்தில், அது ஒரு நஷ்டத்தின் பேர் என்றுதான் சொல்லிவருகின்றோம்.

ஆதலால் காகிதங்களைப் பற்றி ஒன்றைத் திரும்பவும் சொல்லவேண்டியிருக்கின்றது. ஜாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், ஆறாவது முதல் சர்க்கார் பள்ளியில் படித்ததற்குத் தலைமை ஆசிரியர் கொடுக்கும் சான்று, பிள்ளையின் சொந்தப் பேரில் ஆதார் இணைத்த பாங்குக் கணக்கு. இவ்வளவுதான். ஜூனில் எல்லோரும் ஓடுவதால் தாசில்தார் ஆபீசில் மனுக்கள் குவிகின்றன. ஜனவரியில் போனால் நெருக்கடியில்லை. வருமானச் சான்றிதழ் ஒரு வருஷம் செல்லும். ஆதாரில் ஒரு பேர், மார்க்குப் பட்டியலில் ஒரு பேர் என்றிருந்தால் பரீட்சைக்கு முன்பே திருத்திக்கொள்ளுங்கள். தகப்பன் பேரின் முதலெழுத்து முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்ற அற்ப விஷயத்தில் நின்றுபோன பணம் எவ்வளவோ. முதல் பட்டதாரிச் சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவருக்கே உண்டு என்பதையும், அண்ணன் அதை வாங்கியிருந்தால் தங்கைக்குக் கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆணுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டுப் பெண்ணுக்கு இல்லையென்று கைவிரிக்கிற வழக்கத்தை இதிலும் கொண்டுவராதீர்கள்.

டீக்கடைத் தோழரின் மகள் விஷயம் என்னவாயிற்று என்று சொல்லிவிடுகிறோம். தாய் தகப்பன் இருவர் சம்பளமும் சேர்ந்து இரண்டரை லட்சத்தைத் தாண்டியிருந்தபடியால் அந்த இரண்டரை லட்ச வரம்புள்ள உதவி அவர்களுக்கு இல்லை. ஆனால், பெண் ஆறாவது முதல் சர்க்கார் பள்ளியில் படித்தவள். கலந்தாய்வில் 7.5 சதவிகித ஒதுக்கீட்டில் இஞ்சினீயரிங் கிடைத்தது. ஹாஸ்டல் உட்படக் கையிலிருந்து கட்டணமில்லை. மாத ஆயிரம் முதலில் வரவில்லை. பாங்குக் கணக்கில் ஆதார் இணையாததே காரணம் என்று தெரிந்து, ஒரு நாள் அலைந்து சரிசெய்தார்கள். கான்டிராக்டர் இன்னும் வீட்டுப் பக்கம் வந்து போகிறாராம். ஜோசியர் தம் வாக்கு பொய்த்ததற்கு வேறு ஏதோ கிரகத்தைக் காரணம் சொல்லியிருப்பதாகக் கேள்வி. அந்தப் பெண்ணுக்கு ஒரு தம்பி இருக்கிறான், எட்டாவது போகிறான். சென்ற மாதம் தகப்பனார் நம்மைப் பார்த்ததும் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

“அந்த எட்டாவது பரீட்சைக்கு எங்கண்ணே போகணும், தாசில்தார் ஆபீசா, ஸ்கூலா?”

“ஸ்கூல்தான். ஹெட்மாஸ்டரைப் பாருங்க” என்றோம்.